மூன்றாவது பழக்கம்

திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, செத்துப்போன ஒரு மனிதரின் நாக்கைப் பற்றி விசாரிப்பதற்காக ஒரு பெண்மணி பத்திரிகை அலுவலகத்தின் மாடிப்படி ஏறி வந்தார்.

விநோதம் அந்த நேரம் ஒரு பிரபுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முந்நூறு வருஷத்துக்கு முந்தின பிரபு. மாளிகை முழுக்கக் கடிகாரங்கள். ஒன்றுக்கும் சாவி கொடுக்க விடமாட்டார். ஓடாத கடிகாரம் வயதைக் கூட்டாது என்பது அவர் நம்பிக்கை. இது ஒன்று. சாப்பாட்டு மேஜையில் தினமும் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். மரணம் வந்தால் உட்காரட்டும் என்று. இது இரண்டு. மூன்றாவது கிடைக்காமல் விநோதம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

விநோதம் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. 'விநோத விலாசம்' என்று வாரா வாரம் அவர் எழுதும் பக்கம் கொடுத்த பெயர். சரித்திரத்தில் கொஞ்சம் மறை கழன்ற மனிதர்களைத் தேடிப் பிடித்து வாசகர் முன்னால் நிறுத்தும் பக்கம். தன் நிழலை யாரும் மிதிக்கக் கூடாதென்று நண்பகலில் மட்டும் தெருவுக்கு வந்த நீதிபதி, காய்கறிகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நறுக்கிய சீமாட்டி, இப்படி நூற்றுப் பதினெட்டு பேர். ஒரு ஆளுக்கு ஒரு படம், மூன்று பழக்கங்கள். அந்த மூன்று ஆசிரியரின் சட்டம். "ரெண்டுன்னா துணுக்கு. நாலுன்னா கட்டுரை. மூணுதான்யா பக்கம்!"

வந்த பெண்மணி எதிரே நின்றார். மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை ஞாபகம் இருக்கா சார்?"

இல்லாமல் என்ன? விநோதத்தின் ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஆறு வருஷம் எண்ணிக் கொடுத்த கை அது. போன வருஷம்வரை. அதற்கப்புறம் அவர் இரண்டு தெரு தள்ளி வேறு கடையில் வாங்க ஆரம்பித்திருந்தார். காரணம் கேட்ட மனைவியிடம், "அங்க கூட்டம் கம்மி" என்று சொல்லியிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. தெரியாமலா? மழைக்காரர் மகள்!"

"ஒரு வருஷமா கடைப் பக்கமே காணோமேன்னு பார்த்தேன். மாத்திரையை நிறுத்திட்டீங்களோன்னு பயந்தேன். நிறுத்தக் கூடாது சார்."

விநோதம் இருமினார். இருமல் வரவில்லை, வரவழைத்துக்கொண்டார்.

மழைக்காரர் என்பவர் இந்த ஊர்த் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்து அடுக்கிய மனிதர். செத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் தினம் காலையில் மொட்டைமாடி ஏறி, முந்தின நாள் பெய்த மழையை அளந்து நோட்டில் எழுதியவர். யாரும் அவரைக் கேட்கவில்லை. யாரும் பத்துப் பைசா கொடுக்கவில்லை. மழை பெய்யாத நாளில்கூட ஏறி, 'இல்லை' என்று எழுதிவிட்டு இறங்குவார்.

கண் விழித்ததிலிருந்து அளந்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்றைய முதல் பேச்சு மழையினுடையதாக இருக்க வேண்டுமாம். இந்த மகள் பிறந்த காலையில் "பொண்ணு பொறந்திருக்கு" என்று மருத்துவச்சி ஓடி வந்து சொன்னபோது, மனிதர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடிக்குப் போய், இறங்கி வந்து "ஒண்ணேமுக்கால்" என்றாராம். அதற்குப் பிறகுதான் சிரித்தாராம். அது முதல் பழக்கம். எவ்வளவு கொட்டினாலும் குடை பிடிக்கமாட்டார். மழையை அளக்கிறவன் மழைக்கு ஒளியக் கூடாது. அது இரண்டாவது.

இரண்டையும் விநோதத்துக்குச் சொன்னது இந்த மகள்தான். போன வருஷம், மருந்துக் கடை மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று. சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவரைப் பைத்தியம்னு மட்டும் எழுதிடாதீங்க சார்." விநோதம் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். பைத்தியம் என்ற வார்த்தை அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

மூன்றாவது பழக்கம்தான் இருந்தது.

மகள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பொதுப்பணி அலுவலக முத்திரை. கூடவே ஒரு பத்திரிகைத் துண்டு, நகல் எடுத்தது. படத்தில் ஒரு மெலிந்த மனிதர் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய செங்கல் சூளை இருந்த பள்ளத்துல புது ஆஸ்பத்திரி கட்டப் போறாங்க. தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும். நல்ல காரியம்."

"தரைமட்டத்துலயே கட்டப் போறாங்க சார். பிரசவ வார்டு கீழ்த்தளத்துல. நான் பத்து வயசுல அந்தப் பள்ளத்துல ஆள் உயரத் தண்ணி பார்த்திருக்கேன். அஞ்சு நாள் வடியல. அப்பா நோட்டுல இருக்கு: ஒரே நாள்ல பதினாறரை இன்ச். நாப்பத்திரண்டு வருஷம் முன்னால. அரசாங்க மழைமானி இந்த ஊருக்கு வந்ததே இருபது வருஷம் முன்னாலதான். அதுக்கு முந்தின மழைக்கு வேற சாட்சி கெடையாது. முப்பத்தொரு நோட்டையும் தகரப் பெட்டியோட தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன். எட்டு அடி உசத்திக் கட்டுங்கன்னு மனு எழுதினேன்."

"சரி?"

"படிச்சுப் பாருங்க."

விநோதம் படித்தார். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. மேற்படி நபர் கருவி எதுவும் இன்றி, மழை நீரை நாக்கில் ஏந்தி அளவைக் கூறும் வழக்கம் உள்ளவர் என்று பிரபல வார இதழில் வெளியாகியிருப்பதால், அன்னாரின் குறிப்புகளை ஆதாரமாகக் கொள்ள இயலவில்லை. ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசி வியாழன் காலை பத்து மணிக்கு நேரில் வரவும்.

'பிரபல' என்ற வார்த்தையில் விநோதத்தின் கண் ஒரு நொடி நின்றது. அப்படி நின்றதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அளவு கிளாஸ் இன்னும் எங்கிட்ட இருக்கு சார். கொண்டுபோய்க் காட்டினேன். கிளாஸ் இருக்குங்கறதால அவர் அதுல அளந்தார்னு ஆயிடாதுங்கறாங்க." மகள் முன்னால் சாய்ந்தார். குரல் இறங்கியது. "நான் சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த நாக்கு விஷயம் நான் உங்களுக்குச் சொல்லல. யார் சொன்னாங்க?"

இந்த இடத்தில் விநோதம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. வாய் திறந்தது. வந்தது வேறு.

"ஒரு வாசகர்ம்மா. அப்பாவோட தபாலாபீஸ்ல வேலை பார்த்தவராம்."

"விலாசம் தருவீங்களா? நான் போய்ப் பார்க்கறேன்."

"அவர்... இப்ப இல்லை. காலமாயிட்டார்."

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு ஆளைப் பெற்று, வளர்த்து, வேலைக்கு அனுப்பி, கொன்றும் ஆகிவிட்டது. எல்லாம் இரண்டு மூச்சில்.

மகள் மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப உண்மையாத்தான் இருக்கும். இந்தக் கடுதாசி வந்த நாலு வாரமா எனக்குச் சரியாத் தூக்கமில்ல சார். யோசிச்சுப் பார்த்தா, அப்பா மாடிக்குப் போறப்ப நான் கூடப் போனதே கெடையாது. பேசக் கூடாதே, அதனால படிக்கட்டுல கீழயே நின்னு காத்துக்கிட்டிருப்பேன். மேல என்ன செஞ்சார்னு எனக்கு எப்படித் தெரியும்? கிளாஸைச் சும்மா கையில வெச்சிருந்தாரோ என்னவோ." எழுந்துகொண்டார். "மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போய் ஓய்ந்தது. விநோதம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் அந்த மனிதரின் கணக்கை மட்டும் கெடுக்கவில்லை. ஒரு மகளின் தலைக்குள் புகுந்து, அப்பாவையே மாற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

*

ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். "திருத்தமா? எதுக்குத் திருத்தம்?"

"நாக்குல அளந்தார்ங்கறது நான் கட்டிவிட்டது சார்."

"தெரியும்."

"தெரியுமா?"

"யோவ், பக்கத்தை அச்சுக்கு அனுப்ப அரை மணிதான் இருக்கு, மூணாவது எங்கேன்னு ரெண்டு தடவை ஆள் அனுப்பினேன். பத்து நிமிஷத்துல வந்துச்சு. வந்தது எங்கேருந்துன்னு நான் கேட்டேனா? என்னிக்காவது கேட்டிருக்கேனா? முந்நூறு கடுதாசி வந்துச்சு அந்தப் பக்கத்துக்கு. முந்நூறும் நாக்குக்குத்தான். ஊமையா நின்னதுக்கு ஒண்ணாவது வந்துச்சா?"

"அங்க ஆஸ்பத்திரி கட்டறாங்க சார். பள்ளத்துல."

"கட்டட்டும். அவங்க என்ஜினியர் படிச்சவங்கய்யா. நம்ம பக்கத்தைப் பார்த்து அஸ்திவாரம் போட்டா அது நம்ம தப்பா?" ஆசிரியர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "இதைப் பாரும். இன்னிக்குத்தான் வந்துச்சு."

புத்தக அட்டை. விநோத விலாசம், முதல் தொகுதி. கீழே அவருடைய சொந்தப் பெயர், கொட்டை எழுத்தில். ஐம்பத்து மூன்று வயதில், இருபத்தெட்டு வருஷம் மற்றவர்கள் பெயருக்குக் கீழே பிழை திருத்தியவருக்கு, முதல் புத்தகம். அட்டைப் படம் எது? மொட்டைமாடி, மெலிந்த மனிதர், நீட்டிய நாக்கு.

"ஒண்ணு பொய்னு நாம ஒத்துக்கிட்டா மீதி நூத்திப்பதினேழையும் எவன் நம்புவான்? புக் காலி. பக்கம் காலி. நீரும் காலி. அந்தம்மா ரெண்டு நாள் அழும், மூணாம் நாள் மருந்து விக்கப் போயிடும். பிரபுவுக்கு மூணாவது வந்துச்சா?"

விநோதம் அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வாங்காமல் வந்திருக்கலாம் என்று படியிறங்கும்போதுதான் தோன்றியது.

*

செவ்வாய் முழுக்கக் கடத்தினார். புதன்கிழமை பொறுக்க முடியாமல் பொதுப்பணி அலுவலகத்துக்குப் போனார். பத்திரிகைக்குத் தெரியாமல், ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டார். நாக்கு விஷயம் என் கற்பனை. இவ்வளவுதான். யாரும் அச்சடிக்கப் போவதில்லை. ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மகளுக்கும் நியாயம், புத்தகத்துக்கும் பழுதில்லை. நல்ல ஏற்பாடு.

வாசலில் இருந்த குமாஸ்தா விஷயத்தைக் கேட்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "மேடம், நாக்கு ஃபைலுக்கு ஆள் வந்திருக்கு!"

முப்பத்தொரு வருஷ உழைப்புக்கு அங்கே அதுதான் பெயர்.

என்ஜினியர் நாற்பது வயதுப் பெண்மணி. கொண்டையில் பென்சில் செருகியிருந்தது. மேஜை முழுக்கக் கட்டட வரைபடம். நாலு மூலைக்கும் நாலு டீக் கோப்பை. தாளை வாங்கி நின்றபடியே படித்தார்.

"நீங்கதான் எழுதினவரா? என் பையன் உங்க விசிறி. காய்கறிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் நறுக்கணும்னு எங்கிட்ட ஒரே ரகளை."

சீமாட்டியின் மூன்றாவது பழக்கம். அதுவும் விநோதத்தின் கைச்சரக்கு.

"போன வருஷம் உண்மைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. இன்னிக்குப் பொய்னு எழுதிக் கையெழுத்துப் போடறீங்க," என்றார் என்ஜினியர். "ரெண்டும் ஒரே கையெழுத்து. நான் எதை நம்பறது?"

"இதைத்தான் மேடம்! நானே சொல்றேனே, பொய்னு!"

"அந்தம்மா உங்ககிட்ட வந்து அழுதிருக்கலாம். நீங்க எரக்கப்பட்டு எழுதிக் குடுத்திருக்கலாம். எனக்கும் அவங்க மேல எரக்கம்தான். ஆனா எட்டு அடி உசத்தணும்னா மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். என்ன ஆதாரம்னு கேப்பாங்க. ஒரு பொய்யரோட சத்தியம்னு எழுதவா?" தாளைத் திருப்பி நீட்டினார். கடுமையில்லாமல்தான் சொன்னார். அதுதான் சுட்டது. "அன்னிக்கே, எழுதின அன்னிக்கே, இது கற்பனைன்னு எங்கயாவது எழுத்துல இருக்கா? இருந்தாக் கொண்டு வாங்க. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நேரமிருக்கு."

விநோதம் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அப்படி எழுத்தில் இருந்தது.

*

வீட்டு அலமாரியில், துணிகளுக்குப் பின்னால், கறுப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டு இருந்தது. ஆரம்பத்தில் ஒருமுறை விநோதம் ஒரு சீமானுக்கு ஒன்பது பூனை என்று எழுதி, வாசகர் கடிதத்துக்குப் பதில் சொல்லும்போது பதினொன்று என்று உளறி, மாட்டிக்கொண்டார். அன்று முதல் ஒரு வழக்கம். ஒவ்வொரு வாரமும் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுவார். ஒவ்வொரு பழக்கத்துக்கும் எதிரே அது கிடைத்த இடத்தை எழுதுவார். கிடைக்காமல், தானே இட்டுக்கட்டியது என்றால் அதன் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. பின்னால் யாராவது குடைந்து கேட்டால் எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே!

நூற்றுப் பதினெட்டு வாரம். முந்நூற்றைம்பத்து நான்கு பழக்கங்கள். நூற்றிரண்டு சிவப்புப் புள்ளிகள். முதல் வருஷம் அங்கொன்று இங்கொன்று. போகப் போக அம்மை போட்ட முகம் மாதிரி.

மழைக்காரரின் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தால்? முதல் யோசனை அதுதான். கத்தரிக்கோலை எடுத்தும்விட்டார். தனித் தாள் நேற்று எழுதியதா, போன வருஷம் எழுதியதா என்று யாருக்குத் தெரியும்? மற்ற நூற்றுப் பதினேழு வாரத்துக்கு நடுவில் இருந்தால்தான் அது சாட்சி. ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் அத்தனையையும் காட்டியாக வேண்டும்.

"அந்த நோட்டை ஏன் இப்ப எடுத்து வெச்சிருக்கீங்க?" மனைவி மடித்த துணியோடு உள்ளே வந்தார். "புக்குக்கா?"

"இந்தச் சிவப்புப் புள்ளி எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நல்லா வந்ததுக்கு வெக்கறீங்க. எனக்குப் புடிச்சதெல்லாம் புள்ளி வெச்சதுதான். காய்கறி அம்மா, நாக்கு நீட்டற மழைக்காரர்..." கணவரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்னங்க?"

விநோதம் சொன்னார். முழுவதும் சொன்னார், செத்துப்போன வாசகர் உட்பட.

மனைவி கட்டிலில் உட்கார்ந்தார். மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். "ஊர்ல நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்! எங்க வீட்டுக்காரர் எவ்வளவு படிச்சு, எங்கெங்க தேடி எழுதறார்னு."

"படிச்சுத்தான் எழுதினேன். பாதிக்கு மேல."

"பாதிக்கு மேல!" அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "நோட்டைக் குடுத்தா புக் வராதில்ல?"

"வராது."

"குடுக்கலைன்னா?"

விநோதம் கத்தரிக்கோலைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தார். பள்ளத்தில் கீழ்த்தளம். கீழ்த்தளத்தில் பிரசவ வார்டு. ஆள் உயரத் தண்ணீர்.

"கத்தரிக்கோலை எடுத்த எடத்துல வையுங்க," என்றார் மனைவி. சட்டையை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

*

வியாழன் காலை பத்துக்கு ஐந்து நிமிஷம். என்ஜினியர் அறையில் மகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். காலடியில் தகரப் பெட்டி. மேஜைமேல் ஒரு மனுத் தாள். விநோதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அது இன்னொரு அடி.

"சார்! நீங்க எதுக்கு வீணா... நான் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்க எழுதிக் குடுத்துட்டேன். அந்த வாசகர் பொய் சொல்லியிருக்க மாட்டார். எனக்கே நிச்சயமில்லாதப்ப நான் எப்படி அடிச்சுப் பேசறது?"

விநோதம் நோட்டை மேஜையில், வாபஸ் மனுவின் மேலேயே வைத்தார்.

"வாசகர்னு யாரும் இல்லைம்மா. நான் இட்டுக்கட்டினதுக்கெல்லாம் இதுல சிவப்புப் புள்ளி வெச்சிருக்கேன்."

மகள் நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். புரிய நேரம் பிடித்தது. என்ஜினியர் நோட்டைப் பிரித்தார். பத்துப் பன்னிரண்டு பக்கம் புரட்டியதும் கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வெவ்வேறு மை, டீக் கறை, பசை காய்ந்து மஞ்சளான துண்டுகள். சீமாட்டி பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பெருமூச்சு விட்டார், மகனிடம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். எழுபத்தொன்றாவது வாரத்துக்கு வந்தார். வாய்விட்டே படித்தார்.

"மழைக்காரர். ஒன்று: அளக்கும்வரை பேசமாட்டார். சொன்னது, மகள். இரண்டு: குடை பிடிக்கமாட்டார். சொன்னது, மகள். மூன்று: நாக்கில் ஏந்தி அளவு சொல்வார். சிவப்புப் புள்ளி." கண்ணைக் குறுக்கினார். "கீழ பொடி எழுத்துல ஏதோ இருக்கே. 'ஆசிரியர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். மணி மூன்றரை. வேறு வழியில்லை. நன்றாக வந்திருக்கிறது.'"

நன்றாக வந்திருக்கிறது. விநோதம் அந்த வரியை மறந்தே போயிருந்தார். இப்போது அந்த இரண்டு வார்த்தையும் அறை முழுக்க நின்றன. தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"மொத்தம் எத்தனை புள்ளி?"

"நூத்திரண்டு."

"நூத்திரண்டு பொய்யை ஒரே நாள்ல உக்காந்து ஒத்துக்கிட்டு எழுத யாருக்கும் தெம்பு வராது. இது அப்பப்ப எழுதினதுதான்." என்ஜினியர் நோட்டை மூடினார். "ஒருத்தர் முப்பத்தொரு வருஷம் மழையை எழுதியிருக்கார். ஒருத்தர் ரெண்டேகால் வருஷம் பொய்யை எழுதியிருக்கார். ரெண்டு பேரும் ஒரு தடவைகூட விடல. உங்களைப் பத்தியே நீங்க ஒரு பக்கம் எழுதலாம் சார், மூணாவதுக்குத் தேட வேண்டாம்." வாபஸ் மனுவை எடுத்து நாலாகக் கிழித்தார். "உங்க நோட்டு ஃபைல்லயே இருக்கும். திருப்பித் தர முடியாது. மழை நோட்டுக்கெல்லாம் நகல் எடுத்தாச்சு. எட்டு அடிக்கு நான் எழுதறேன்."

ஜெயித்த மாதிரி யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே தாழ்வாரத்தில் விநோதம் தகரப் பெட்டியைத் தூக்கப் போனார். மகள் கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம் சார்."

"என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கற யோக்கியதைகூட எனக்கு..."

"நாலு வாரம் நான் எங்கப்பாவைச் சந்தேகப்பட்டேன்." மகளின் குரல் உயரவில்லை. "பத்திரிகையில எழுதினதைக்கூட விடுங்க. ஆசிரியர் ஆள் அனுப்பினார், அவசரம், ஏதோ எழுதிட்டீங்க. திங்கக்கிழமை எங்கிட்ட சொன்னீங்களே, வாசகர் காலமாயிட்டார்னு? அப்ப யாரும் ஆள் அனுப்பலையே சார். அதுக்கு எந்த நோட்டுல புள்ளி வெப்பீங்க?"

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்று, கை மாற்றி, மறுபடி நடந்து. விநோதம் பார்த்துக்கொண்டே நின்றார்.

*

சேதி ஆசிரியருக்கு எட்ட ஒரு நாள்கூட ஆகவில்லை. பக்கம் நின்றது. புத்தகம் நின்றது. வருத்தம் தெரிவித்து நாலு வரி வந்தது, ராசிபலனுக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில். அதைப் பற்றி ஒரு கடிதமும் வரவில்லை. நாக்கு நீட்டும் மனிதர் படத்தை மறுபடி போடுங்கள் என்று கேட்டு இரண்டு வந்தன.

விநோதம் பிழை திருத்தும் மேஜைக்குத் திரும்பினார். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சிவப்பில் வட்டம் போடும் வேலை. சிவப்புப் பென்சிலை எடுக்கும்போதெல்லாம் விரல் ஒரு கணம் தயங்கும்.

செங்கல் சூளைப் பள்ளத்தில் தூண்கள் எழும்பின. எட்டு அடிக்கு வெறும் தூண், அதற்கு மேல்தான் தரை. அவர் தினமும் அந்த வழியாகத்தான் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நிம்மதி வரும் என்று பார்த்தார். தூண் வந்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மாலை, மாத்திரை தீர்ந்து, மனைவி பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்ப, பழைய கடைக்கே போனார். மகள் சீட்டை வாங்கினார். மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டார். எழுதினார்: காலை ஒன்று, மாலை ஒன்று. அந்தக் கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை. யாருக்கு எழுதுவதும் அப்படித்தான்.

வெளியே படபடவென்று கொட்ட ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஏழெட்டுக் குழந்தைகள் ஓடி ஒளியவில்லை. நடுத் தெருவில் நின்று, முகத்தை வானத்துக்கு நிமிர்த்தி, நாக்கை நீட்டினார்கள்.

"ரெண்டு இன்ச்!"

"போடா, மூணு! என் நாக்குல மூணு!"

விநோதம் திரும்பி மகளைப் பார்த்தார். அவர் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷத்துலேர்ந்து இப்படித்தான்," என்றார். "மழைக்காரர் ஆட்டமாம். என் பேத்தியும் ஆடறா."

விநோதம் தெருவில் இறங்கினார். நனைந்துகொண்டே குழந்தைகளிடம் குனிந்தார். "கண்ணுங்களா, அது தப்பு. அந்தத் தாத்தா நாக்கால அளக்கல. கண்ணாடிக் கிளாஸ் வெச்சு அளந்தார். தினமும். முப்பத்தொரு வருஷம்."

ஒரு பெண் குழந்தை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"பொய் சொல்லாதீங்க தாத்தா. எங்க மிஸ்ஸே சொன்னாங்க. பத்திரிகையில போட்டிருக்காம்."

மறுபடி நாக்கை நீட்டிக்கொண்டது.

விநோதம் மாத்திரை உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தார். குடை கையில்தான் இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை. உதடுகளை இறுக மூடிக்கொண்டிருந்தார். அப்படியும் ஒரு துளி வழிந்து வாயோரம் வந்து நின்றது. அவசரமாகப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.